பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கு யார் சொல்வது?

ஏப்ரல் 2-ந் தேதியை உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் என்று உலகெங்கும் கொண்டாடுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2007 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றி, 2008 முதல் இந்த நாள் நடந்து வருகிறது. அன்று பெரிய கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயிலிலே வரிசையாக நடக்க விட்டு, கையில் ஓர் அட்டையைக் கொடுத்து முழக்கமிடச் சொல்கிறார்கள். பத்திரிகைக்குப் படம் எடுக்கிறார்கள். இரவு முடிந்தால் விளக்கும் அணைந்துவிடுகிறது. மறுநாள் காலை, அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே பையன், தன் வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பையனைப் பார்த்து, "டேய் மென்டல்!" என்று கூப்பிடுகிறான்.

இப்படிக் கூப்பிடுகிற பையனைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. அவனிடம் யார் என்ன சொன்னார்கள்? அட்டையில் எழுதியிருந்தது என்னவென்று விளக்கினவர் உண்டா? தன் வகுப்பில் இருக்கும் பையனுக்கும் அந்த அட்டைக்கும் சம்பந்தம் உண்டு என்பதாவது அவனுக்குத் தெரியுமா? ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்கிறார்கள். பெற்றோருக்குக் கூட்டம் போடுகிறோம் என்கிறார்கள். நாள் முழுதும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாணவனிடம் மாத்திரம் யாரும் ஒன்றும் சொல்லுவதில்லை. இதைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் விஷயம் என்ன என்று தெளிவாகத் தெரிந்துகொள்வோம். ஆட்டிசம் என்பது நோயல்ல, தொத்துவதும் அல்ல. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் இருக்கும் ஒரு வேறுபாடு. பேச்சு, பழக்கம், ஒலி ஒளியை உணருதல் ஆகியவற்றில் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது. ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இராது. சிலர் பேசவே மாட்டார்கள்; சிலர் தமக்குப் பிடித்த ஒரே விஷயத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். சிலருக்கு அறிவு வளர்ச்சியிலும் குறைபாடு சேர்ந்திருக்கும். சிலர் வகுப்பிலே முதலாவதாக வருவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அப்படியானால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில் ஏழெட்டுப் பேராவது இருக்க வேண்டும். அத்தனை பேர் உங்கள் ஊர்ப் பள்ளியில் இல்லையென்றால், இரண்டில் ஒன்று: இருந்தும் யாரும் அடையாளம் காணவில்லை, அல்லது அவர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேரவில்லை.

வகுப்பிலே இது எப்படித் தெரியும்? மணி அடித்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அது மணிச் சத்தம். இந்தப் பிள்ளைக்கோ காதிலே ஆணி அடித்தாற்போல் இருக்கும். காலைக் கூட்டத்து ஒலிபெருக்கி, கிறீச்சிடுகிற மின்விசிறி, மினுக் மினுக்கென்று எரிகிற குழல்விளக்கு, சட்டைக் காலரில் உறுத்துகிற துணித்துண்டு, சத்துணவுக் கூடத்து இரைச்சலும் வாடையும் ஆகிய இவையெல்லாம் நமக்கு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு சுமை. ஒவ்வொரு சுமையாக ஏறி ஏறித் தாங்க முடியாமற்போகும்போது அலறுகிறான், அல்லது மேஜைக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்கிறான். அதைப் பார்த்து "அடம் பிடிக்கிறான்" என்கிறார்கள். அடம் பிடிக்கிற பிள்ளை, நாம் பார்க்கிறோமா இல்லையா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழும். இந்தப் பிள்ளைக்கு நாம் இருப்பதே அப்போது நினைவில் இராது. அடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஒரு தடவை சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

பேச்சு இருக்கிறதே, அதுவும் அப்படித்தான். "உன் பேர் என்ன?" என்று கேட்டால், "உன் பேர் என்ன?" என்றே திருப்பிச் சொல்கிற பிள்ளை உண்டு. அது கிண்டலல்ல, அந்தப் பிள்ளை பேச்சைக் கற்றுக்கொள்கிற வழி அது. ஆசிரியர் கோபமாக "வாயை மூடு" என்றால், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவான். "தலையில் என்ன களிமண்ணா இருக்கிறது?" என்று கேட்டால் தலையைத் தடவிப் பார்ப்பான். வகுப்பு சிரிக்கும். ஆசிரியர், தம்மைக் கேலி செய்கிறான் என்று பிரம்பைத் தேடுவார். (பிரம்பு இன்னுமா இருக்கிறது என்று கேட்காதீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடியையும் மனத்துன்பத்தையும் தடை செய்திருக்கிறது. சட்டப் புத்தகத்தில் தடை இருக்கிறது. பிரம்பு எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.) சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறான் அவன். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிற வித்தை அவனுக்கு வருவதில்லை. அரசியலில் இருக்கிற நம்மில் பலருக்கு அது ஒரு குறையாகவே தோன்றக்கூடாது!

இந்த வெள்ளை மனத்தைத்தான் வகுப்பில் சிலர் ஆயுதமாக்கிக்கொள்கிறார்கள். "நீ போய் டீச்சரிடம் இப்படிச் சொல்" என்று ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். அவன் போய் அப்படியே சொல்வான். அடி அவனுக்கு, சிரிப்பு இவர்களுக்கு. நண்பன் சொன்னான், செய்தோம். ஏன் அடி விழுந்தது என்று அவனுக்கு விளங்காது. வீட்டுக்குப் போய் நடந்ததைக் கோவையாகச் சொல்லவும் வராது. கிழிந்த சட்டையையும் நகக் கீறலையும் பார்த்துத்தான் அந்தத் தாய் ஊகித்துக்கொள்ள வேண்டும். சில பிள்ளைகள் காலையில் பையைப் பார்த்ததுமே வயிற்று வலி என்று படுத்துக்கொள்கின்றன. கொஞ்ச நாளில் படிப்பே நின்று போகிறது. பதிவேட்டில் "இடைநின்றவர்" என்று ஒரு சொல். விரட்டினவர் யார் என்று எழுதுவதற்குப் பதிவேட்டில் இடம் இல்லை.

இதெல்லாம் நடப்பது எங்கே? பாடம் நடக்கும்போது ஆசிரியர் கண் முன்னால் அல்ல. தண்ணீர்க் குழாயடியில் நடக்கிறது. கழிப்பறை வாசலில் நடக்கிறது. மைதானத்தில், பஸ்ஸில், வீட்டுக்குப் போகும் வழியில் நடக்கிறது. அங்கேயெல்லாம் ஆசிரியர் இல்லை; பிள்ளைகள் மாத்திரமே இருக்கிறார்கள். ஆகவே ஆசிரியருக்கு மட்டும் ஆயிரம் பயிற்சி கொடுத்தாலும் குழாயடியில் நிற்கிற பிள்ளைக்கு அதனால் காவல் கிடையாது. காவல் தர முடிந்தவன் வரிசையில் அவனுக்கு அடுத்தாற்போல் நிற்கிற மாணவன்தான். அவனுக்குச் சொல்லுங்கள் என்கிறோம்.

உண்மை தெரியாத இடத்தில் பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் நாட்டிலே அந்தப் பொய்க்குப் பூர்வ ஜென்ம வினை என்று பெயர். பிள்ளை பேசவில்லை என்றால் தாய் செய்த பாவம், தந்தைவழிச் சாபம், கிரகண காலத்தில் வெளியே வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மந்திரித்துக் கட்டிய கயிறு கையில் இறுகி, கடன் வாங்கிய பணம் பூசாரி வீட்டுக்குப் போகும். நம் நாட்டில் மட்டும்தான் இந்த அநியாயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பெரும் படிப்புப் படித்தவர்களே, தாய்க்குப் பாசம் இல்லாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்றார்கள். பனிப்பெட்டி போன்ற தாய் என்று அதற்கு ஒரு பட்டம். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் இந்தக் கருத்தைப் பரப்பிப் பெரிய புத்தகமே போட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 1964-இல், பெர்னார்டு ரிம்லாண்ட் என்ற உளவியல் அறிஞர், ஆட்டிசமுள்ள ஒரு பிள்ளையின் தகப்பனார், இது உடலின் கூறு, வளர்ப்பின் குற்றமல்ல என்று ஆதாரங்களோடு எழுதியிருந்தார். பூசாரி சொன்னால் பாவம், புரொபசர் சொன்னால் பாசக்குறைவு! சொல் மாறிற்று, குற்றவாளிக் கூண்டில் நின்றவள் இரண்டு இடத்திலும் தாய்தான். பிற்பாடு தடுப்பூசியால் வருகிறது என்று ஒரு புரளி கிளம்பியது. 1998-இல் அதைக் கிளப்பிய ஆங்கில டாக்டரின் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றது. அவருடைய டாக்டர் பதிவும் அதே ஆண்டில் பறிபோயிற்று. அந்தப் புரளி இன்னும் கைபேசிகளில் உலாவுகிறது.

இதைவிடக் கொடுமையான வரலாறும் உண்டு. ஆட்டிசம் பற்றி 1944-இல் எழுதிப் புகழ்பெற்ற வியன்னா டாக்டர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நாஜி ஆட்சியின்போது ஊனமுற்ற பிள்ளைகள் சிலரை அம் ஷ்பீகல்குருண்ட் என்ற இடத்துக்கு அனுப்பினார் என்பதை ஹெர்விக் செக் என்ற வரலாற்று ஆய்வாளர் 2018-இல் ஆவணங்களோடு வெளியிட்டார். அந்த இடத்தில் ஏறத்தாழ 800 பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். பயன்படுகிற பிள்ளை, பயன்படாத பிள்ளை என்று பிரிக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதை அந்த நாடு பார்த்துவிட்டது. "இவன் இருப்பதால் மற்றப் பிள்ளைகள் படிப்புக் கெடுகிறது, வேறு பள்ளிக்குக் கூட்டிப் போங்கள்" என்று இனிய குரலில் சொல்கிற தலைமையாசிரியர்கள், தாம் செய்வதும் ஒரு பிரிவினைதான் என்பதை யோசிக்க வேண்டும். ஒரே பள்ளியில் தனிப் பந்தியா என்று 1920-களில் சேரன்மாதேவிக் குருகுலத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த நாடு இது. தனிப் பெஞ்சு என்றால் மட்டும் பேசாமல் இருக்கலாமா?

சேர்ந்து படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆட்டிச வரலாற்றின் முதல் பெயரே சான்றாக இருக்கிறது. அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 1943-இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் முதலாவதாக எழுதப்பட்டவர் மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட். மூன்று வயதில் அவரை ஒரு விடுதியில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள்; விட்டார்கள். பிள்ளை வாடிப்போவதைப் பார்த்து, ஓராண்டு கழித்துப் பெற்றோரே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு சில ஆண்டுகள் அவர் ஒரு குடியானவக் குடும்பத்தோடு தங்கினார். அந்தக் குடும்பத்தார் டாக்டர்களல்லர், நிபுணர்களல்லர். எதையும் எண்ணிக்கொண்டே இருக்கிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு. "எண்ணாதே" என்று அவர்கள் அதட்டவில்லை. சோளக்கொல்லையிலே உழவு ஓட்டுகையில் சால்களை எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கையும் ஆயிற்று, உழவும் ஆயிற்று! பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்தில் அவருடைய விசித்திரப் பழக்கங்களைப் பெரிதுபடுத்தாமல் ஏற்றுக்கொண்டார்கள்; படிப்பும் நன்றாக வந்தது என்று கானர் 1971-இல் எழுதினார். டொனால்டு கல்லூரியில் பட்டம் பெற்றார், உள்ளூர் பாங்கில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாகவே பல நாடுகளுக்குப் பயணம் போய் வந்தார், 2023-இல் 89-ஆம் வயதில் மறைந்தார். முதுமையில் அவரைத் தேடி வந்த பத்திரிகைக்காரர்களிடம், அவர் மனம் நோகும்படி ஏதாவது செய்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊரார் எச்சரித்தார்களாம். பள்ளியில் கூடப் படித்தவர்கள் பெரியவர்களான பிறகும் கொடுத்த காவல் இது. அதே பதினொருவரில் அரசாங்க மனநோய் விடுதிகளில் போடப்பட்டவர்களின் கதி என்ன? ஆயுள் தண்டனைக்கு ஒப்பானது என்று அதே டாக்டர்தான் வருந்தி எழுதினார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை மறைத்தால் அது நேர்மையாகாது. டொனால்டின் தாய்வழிக் குடும்பம் அந்த ஊர் பாங்கின் சொந்தக்காரர்கள், தகப்பனார் வக்கீல். பாங்க் முதலாளியின் பேரனைக் கேலி செய்ய ஊருக்குத் துணிச்சல் வராதுதான். அதே காலத்தில் அதே மாநிலத்தில் ஒரு கறுப்புக் கூலியின் பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலே அடைப்பு. கானர் பார்த்த பிள்ளைகளெல்லாம் ஏறக்குறைய படித்த, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். ஆகவே ஆட்டிசம் மேல்தட்டுக் குடும்பங்களுக்கே உரியது என்ற எண்ணமும் வெகுநாள் இருந்தது. பணக்காரனால்தான் அந்த டாக்டர் வாசல்வரை போக முடிந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை! லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் 1970-களில் லண்டன் கேம்பர்வெல் பகுதியில், டாக்டரைத் தேடி வந்தவர்களை மட்டும் கணக்கிடாமல், அந்த வட்டாரத்துப் பிள்ளைகளையே தேடிக் கணக்கெடுத்தார்கள். தொழிலாளி வீட்டிலும் ஆட்டிசம் உண்டு, முதலாளி வீட்டிலும் உண்டு என்பது விங்கின் ஆய்வில் தெளிவாயிற்று.

வித்தியாசம் பிள்ளையில் இல்லை. பிள்ளைக்குக் கிடைப்பதில் இருக்கிறது. வசதியுள்ளவர் வீட்டில் இரண்டு வயதிலேயே பிள்ளையைக் கவனித்து, பேச்சுப் பயிற்சிக்கும் தொழில்வழிப் பயிற்சிக்கும் மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். நம் தோழரோ மில்லில் ஷிப்டு பார்க்கிறவர், சுமை தூக்குகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர். அவர் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க ஜில்லாத் தலைநகரின் ஆஸ்பத்திரிக்கு அலைகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போயிற்று. டாக்டர் இன்று லீவு, அடுத்த வாரம் வா என்றால் இரண்டு நாள் கூலி. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு நாதி இல்லை. அங்கே வருகிற நட்பே பேச்சுப் பயிற்சி. அங்கே ஆடுகிற ஆட்டமே தொழில்வழிப் பயிற்சி. அதையும் கேலி பேசிப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது வீட்டு மூலை. ஆகவே இது ஏதோ படித்த நகரத்துப் பெற்றோரின் கவலை, நமக்கு வேறு வேலை இருக்கிறது என்று தோழர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

சட்டம் இல்லாததால் அல்ல இந்த நிலைமை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமில்லாமல் இருந்தது. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது; அவற்றுள் ஆட்டிசம் ஒன்று. அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, பிள்ளையைப் பாகுபாடின்றிச் சேர்த்து மற்றவரோடு படிக்க வைக்க வேண்டும் என்கிறது. 39-வது பிரிவுதான் நாம் இன்று குறிப்பாகச் சுட்டிக்காட்ட விரும்புவது. மாற்றுத்திறன் என்பது மனித நிலைகளுள் ஒன்று, அவர்களுக்கும் உரிமைகள் உண்டு என்பதைப் பள்ளியிலும் கல்லூரியிலும் எடுத்துச் சொல்ல வேண்டும், பாடத்திட்டத்திலும் சேர்க்க வேண்டும் என்று அது அரசாங்கத்துக்குக் கடமை விதித்திருக்கிறது. ஆகவே மாணவருக்குச் சொல்லுங்கள் என்று நாம் கேட்பது தயவு அல்ல. 2017 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிற சட்டம்.

"சொன்னால் அந்தப் பிள்ளைக்கு முத்திரை குத்தினதாக ஆகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், நல்லெண்ணத்தோடு கேட்பவரும் உண்டு. பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து, "இவனுக்கு ஆட்டிசம்; எல்லாரும் இரக்கம் காட்டுங்கள்" என்று சொன்னால் முத்திரைதான். அதைவிட ஒன்றும் சொல்லாமலே இருக்கலாம். ஆனால் வகுப்பு பெயர் வைக்காமலா இருக்கிறது? மென்டல், லூசு, ஊமை என்று முத்திரை ஏற்கெனவே குத்தியாயிற்று. ஆகவே பொதுவாகப் பேசுங்கள் என்கிறோம். எல்லார் மூளையும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. ஒருவருக்குச் சத்தம் வலிக்கும், ஒருவருக்கு எழுத்தைப் படிப்பது சிரமமாக இருக்கும், ஒருவருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது என்று சொல்லலாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்காக 2022-இல் இலவசமாகவே வெளியிட்ட பாடத்திட்டம் இந்த வழியில்தான் போகிறது. எந்த ஒரு பிள்ளையையும் சுட்டிக் காட்டாமல் வகுப்பு முழுவதற்கும் சொல்லித் தருகிறது. குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றியே பேச வேண்டுமானால், பெற்றோர் சம்மதமும், முடிந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் இல்லாமல் பேசக்கூடாது.

இன்னும் ஒன்று. புரியவில்லை என்கிற குறை ஆட்டிசமுள்ளவரிடம் மட்டும் இருப்பதாகச் சொல்வதே தவறு என்கிறார் டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய சமூகவியலாளர். அவரும் ஆட்டிசமுள்ளவரே. 2012-இல் அவர் எழுதியதன் சாரம் இது: அவர்களுக்கு நம்மைப் புரிவதில்லை என்றால் நமக்கு மட்டும் அவர்களைப் புரிகிறதா? புரியாமை இரண்டு கரையிலும் இருக்கிறது; பாலத்தை இரண்டு கரையிலிருந்தும் கட்ட வேண்டும். இதுவரையிலும் ஒரு கரைப் பிள்ளையை மட்டும் "கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, ஒழுங்காக உட்கார்" என்று வேலை வாங்கிக்கொண்டிருந்தோம். மறு கரையில் நாற்பது பிள்ளைகள் சும்மா இருந்தார்கள்.

அந்த நாற்பது பேரிடம் என்ன சொல்வது? பெரிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. அவன் உன் முகத்தைப் பார்க்காவிட்டாலும் நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். மரியாதை இல்லை என்று நினைக்காதே. ஒரு கேள்வி கேட்டால், பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்திரு. சுற்றி வளைக்காமல் நேராகப் பேசு. அவன் அலறும்போது கூட்டம் கூடாதே, கையைப் பிடித்து இழுக்காதே. சத்தத்தைக் குறை, இடம் விடு, ஆசிரியரைக் கூப்பிடு. கையை உதறிக்கொள்கிறானா, உதறிக்கொள்ளட்டும். உனக்கு அதனால் என்ன நஷ்டம்? நாளைக்கு ஆண்டுவிழா, மேளம் உண்டு என்றால் இன்றைக்கே அவனிடம் சொல்லிவை. ஆட்டத்துக்குக் கூப்பிடு, வரவில்லை என்றால் மறுநாளும் கூப்பிடு. பேசாத பிள்ளைக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது. படத்தைக் காட்டியோ, எழுதியோ சொல்லுவான், பார். நகரத்து பஸ் நம்பரெல்லாம் அவனுக்கு மனப்பாடம் என்றால், அடுத்த உல்லாசப் பயணத்துக்கு வழி சொல்லுகிறவன் அவனே! ஆனால் ஆட்டிசம் என்றாலே மேதை என்று சினிமாக்காரர்கள் போல் நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். மேதையாக இல்லாவிட்டாலும் அவனுக்குப் பெஞ்சில் இடம் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆட்டிசமுள்ள பெண்கள் பலர் மற்றவரைப் பார்த்துப் பாவனை செய்து தம் கஷ்டத்தை மறைத்துக்கொள்வதால், அடையாளம் காணப்படாமலே போகிறார்கள். "கூச்ச சுபாவம், அடக்கமான பெண்" என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். இன்னொரு பக்கம், ஆட்டிசமுள்ள பிள்ளையைக் கவனித்துக்கொள் என்று வகுப்பிலேயே பொறுமையான ஒரு பெண்ணின் தலையில் ஆண்டு முழுதும் சுமத்திவிடுவதும் நடக்கிறது. அது நட்பல்ல, சம்பளமில்லாத வேலை. முறை வைத்து எல்லாரும் செய்யட்டும்.

சொற்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளிகள் என்று தமிழ்நாடு அரசு 2010-இல் மாற்றியது; இன்று ஊரே அப்படிச் சொல்கிறது. சொல்லை மாற்றினால் எண்ணம் மாறும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் ஆட்டிசத்துக்கு அரசாங்க ஏடுகளில் "புற உலகச் சிந்தனையற்ற" என்று ஓர் அடைமொழி வழங்கி வந்திருக்கிறது. தமிழ்ச் சொல் வேண்டும் என்பதில் நமக்கு யாரைவிடவும் ஆசை குறைவில்லை. ஆனால் புற உலகத்தின் ஒவ்வொரு ஓசையும் காதில் இடியாக விழுகிற பிள்ளையைப் பார்த்துப் புற உலகச் சிந்தனை அற்றவன் என்றால், அது தமிழாக இருக்கலாம், உண்மையாக இல்லை. நல்ல சொல்லைப் புலவர்கள் ஆக்கித் தருகிறவரையில் ஆட்டிசம் என்றே நாம் எழுதுவோம். மேடைப் பேச்சாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எதிரியைத் திட்ட வேண்டும் என்றால் அவன் கொள்கையைத் திட்டுங்கள், அவன் செய்த ஊழலைத் திட்டுங்கள். தமிழில் அதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? மென்டல், செவிடு, குருடு என்று திட்டி மைதானத்தில் கைதட்டு வாங்கினால், மறுநாள் அதே சொல் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் கேட்கும். தகப்பனாரின் தோளில் உட்கார்ந்து கூட்டம் கேட்ட பிள்ளைதான் அதைக் கொண்டுபோகிறது.

கடைசியாக, சொல்லிக் கொடுப்பவர் யார்? நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற வகுப்பாசிரியர் ஒருவராலேயே இது முடியாது; அவரோடு தோள் கொடுக்கச் சிறப்பாசிரியர் வேண்டும். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, 2022-இல் ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 10 பேருக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 15 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. பல மாநிலங்களில் பணியிடங்களே உண்டாக்கப்படாததைப் பார்த்து 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் கெடு விதிக்க வேண்டி வந்தது. நம் மாநிலத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வேலை பார்க்கும் சிறப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளியவர்கள். ஒரே ஆள் வட்டார வள மையத்திலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பள்ளி என்று பஸ் ஏறி ஏறிப் போகிறார். வேறொரு திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லி 2024-25-இல் இந்தத் திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று டில்லியில் யாரும் கேட்கவில்லை. நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் கேட்டு இவர்கள் போராடுகையில், தொழிற்சங்கத் தோழர்கள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இவர்கள் கேட்பது இவர்களுக்காக மட்டும் அல்ல.

தோழர்கள் உடனே செய்யக்கூடியதும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தோழர்களின் வீட்டிலிருந்து அந்தக் குழுவில் இருப்பவர் பலர். அடுத்த கூட்டத்தில் கூரை ஒழுகுவதையும் குழாய் உடைந்ததையும் பேசி முடித்ததும், இரண்டு கேள்வியை எழுதிக் கொடுங்கள். நம் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? 39-வது பிரிவின்படி மற்ற மாணவர்களுக்கு இந்த ஆண்டு யார், எப்போது, எந்த வகுப்பில் எடுத்துச் சொல்லப் போகிறீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆட்டிசமுள்ள பிள்ளையின் தாயையும் அழைத்துப் போங்கள், அவர் பேசட்டும்.